திரும்பிப் பார்க்காமல் வந்த வழி

திருத்தணி,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் எழிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், உன் அப்பா, உன் அக்கா சுஜாதா மூவரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று அடுத்த வரி எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் உன்னோடு அறையில் இருக்கும் அருள்முருகன் சொல்லித்தான் தெரிகிறது. கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் 'சரிம்மா' என்று ஒரே பதில். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் சரிம்மா, ஜுரமா என்று கேட்டாலும் சரிம்மா. எழுதிக் கொடு, படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன் என்றாள் சுஜாதா. வேண்டாம் என்றேன். போனில் வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். உறையில் வந்தால் கிழித்துத்தானே ஆக வேண்டும். ஆயுசு பூராவும் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவளுக்கு உன் பிடிவாதம் புதிதில்லை.

எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. நீ வராதீர்கள் என்று சொன்னது தெரியும். உன்னைப் பார்க்க மட்டும் வருவதாக இருந்தால் உன் பேச்சைக் கேட்டிருப்போம். நாங்கள் வருவது நீ வேலை பார்த்த ஆப்பிள் தோட்டத்து மொரிடா ஐயா வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க. அதைத் தடுக்க உனக்கு உரிமை இல்லை.

அன்றைக்கு நடந்தது முழுவதையும் அருள்முருகன் சொல்லிவிட்டான். புயல் மழையில் ஆறு ஏறியதும், நீங்கள் எல்லாரும் தங்கும் கொட்டகையை விட்டு மேலே ஓடி வந்ததும், தோட்டத்து நாய் கட்டிக் கிடக்கிறதே என்று நீ மட்டும் இறங்கிப் போனதும், உன்னைக் காணோமென்று பெரியவர் மொரிடா ஐயா டார்ச் எடுத்துக்கொண்டு வந்ததும். உன்னைக் கரைக்கு இழுத்துத் தள்ளிய பிறகுதான் அவர் நின்ற மண் சரிந்தது என்றான். நாய் பிழைத்தது, நீ பிழைத்தாய், அவர் போனார். அதற்குப் பிறகு நீ அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். சாவுக்குக்கூடத் தூரத்தில் நின்றாயாம். அவர் மனைவி, அந்த அம்மா, உன்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார், இவன் தலையைக் குனிந்துகொண்டு வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான் என்று சொல்லி அருள்முருகன் அழுதான்.

நாய்க்காக இறங்கியவனைப் பெற்றதற்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் நம் பிள்ளைக்காக ஒரு மனுஷன் ஆற்றோடு போயிருக்கும்போது, நாங்கள் இங்கே உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை. எரித்து எடுத்த அவர் எலும்பு இன்னும் ஒரு பானையில் வீட்டிலேயே இருக்கிறதாம். பனி மூடுவதற்குள் குடும்பக் கல்லறையில் வைப்பார்களாம். அதற்குள் வந்துவிட வேண்டும்.

வெளிநாடு என்றால் உன் அப்பாவுக்கு இதுவரை திருப்பதிதான். அவர் படும் பாட்டைச் சொன்னால் நீ கொஞ்சமாவது சிரிப்பாய். துக்க வீட்டுக்குக் கறுப்புத்தான் உடுத்த வேண்டும் என்று அருள்முருகன் எழுதியிருந்தான். அரக்கோணம் போய் அவருக்குக் கறுப்புச் சட்டையும் பேண்ட்டும், எனக்குப் பார்டர் இல்லாத கறுப்புப் புடவையும் எடுத்தோம். அளவு சரியா பார்க்கலாம் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போயிருக்கிறார். கார்த்திகை மாதமாயிற்றே, பார்த்தவர்களெல்லாம் இருமுடி எப்போது சாமி என்று கேட்டிருக்கிறார்கள். யாருக்கென்று விளக்கம் சொல்வார்? எல்லாருக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இப்போது தெருவில் பாதிப் பேர் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வாழ்நாளெல்லாம் மாந்தோப்பில் ரப்பர் செருப்போடு திரிந்தவருக்கு ஷூ ஒரு தண்டனை. அதையும் வாசலில் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டுமாம். தினம் காலையில் நம் வீட்டு வாசற்படியில் கழற்றித் திருப்பி வைத்துப் பழகுகிறார். முட்டி போட்டு உட்காரவும் பழகுகிறார். உட்கார்ந்துவிடுகிறார், எழத்தான் முடியவில்லை. சுஜாதா ஓடிப் போய்த் தூக்கிவிடுகிறாள்.

எனக்கு உடையோ உட்காருவதோ பெரிதில்லை. அங்கே துக்க வீட்டில் வாய்விட்டு அழக்கூடாதாம், அந்த அம்மாவைத் தொடவும் கூடாதாம். இது எனக்குப் புரியவே இல்லை. கட்டிக்கொண்டு அழாமல் எப்படித் துக்கம் கேட்பது? நான் வாயைத் திறந்தால் அவருக்குப் புரியாது, அவர் பேசினால் எனக்குப் புரியாது. கையைப் பிடிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பாஷை, அதையும் கூடாது என்கிறான் அருள்முருகன். இருந்தாலும் அவர்கள் வீடு, அவர்கள் வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

வெறுங்கையோடும் போகக்கூடாதாம். இனிப்புப் பெட்டி கொண்டுபோவார்களாம். துக்க வீட்டுக்கு இனிப்பா என்று அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். மலையிலிருந்து முருகன் பிரசாதம் எடுத்துப் போகலாமென்றால், சாவு வீட்டுக்குப் பிரசாதம் கொண்டுபோகிற வழக்கம் நமக்கு இல்லை. கடைசியில் சந்தன ஊதுபத்தி எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களும் பத்தி ஏற்றுவார்களாம், அதை வாயால் ஊதி அணைக்க மாட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. விளக்கை வாயால் ஊதாத வீட்டில் எனக்கு என்ன பயம்?

ஆர்.கே.பேட்டையிலிருந்து உன் அத்தை கன்னியம்மாள் பஸ் பிடித்து வந்து, இரண்டு நாள் இருந்து புத்தி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊர் வழக்கமெல்லாம் கேட்டுக்கொண்டீர்களே, நம் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள் என்றார். துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று அப்பாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்காத குறை. "எந்த ஊரா இருந்தா இன்னா, சாவு ஊடு சாவு ஊடுதான்" என்றார். அப்பாவுக்குத் தன் தங்கை சொன்னால் அதுதான் வேதம், உனக்குத் தெரியாததா?

எழிலா, ஒன்று கேட்கிறேன். எங்களோடு அந்த வீட்டுக்கு வா. நீ பேச வேண்டாம், முன்னால் நிற்கவும் வேண்டாம். அப்பா முதுகுக்குப் பின்னால் நில், போதும். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது நீயும் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுந்தால், அடுத்த முறை நீ தனியாகப் போக முடியும். நாங்கள் திரும்பி வந்த பிறகு அந்த ஊரில் நீ இன்னும் எத்தனையோ நாள் இருக்க வேண்டும். எந்நேரமும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தால் கழுத்துதான் வலிக்கும், கண்ணா.

விமானத்தில் தண்ணீர் கேட்டால் கொடுப்பார்களா என்று உன் அப்பா கேட்கச் சொன்னார். இதற்காவது சரிம்மாவை விட்டு வேறு பதில் எழுது.

முருகன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
தமிழ்செல்வி.


திருத்தணி,
கார்த்திகை, புதன்கிழமை இரவு.

அன்பு மகன் எழிலனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அப்பா காலில் ஷூ கடித்த இடம் ஆறிவிட்டது. விமானத்தில் தண்ணீர் கொடுத்தார்கள், கேட்காமலே கொடுத்தார்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை மட்டும் சுஜாதாவைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும்.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "திரும்பி ஒரு வாட்டி பாத்திருக்கலாம் இல்லமா? அந்தம்மா வாசல்லயே நின்னுகினு இருந்தாங்க" என்று எழுதியிருந்தாய். வெள்ளத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய முதல் முழு வாக்கியம் அதுதான். கோபமாகத்தான் எழுதியிருந்தாய். எனக்கு அதில் உள்ளூர ஒரு நிம்மதி.

காலையில் அருள்முருகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சொன்னான். அந்த ஊரில் விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, ஆள் கண்ணுக்கு மறையும்வரை நிற்பார்களாம். போகிறவர் வழி திரும்பும் இடத்தில் நின்று, ஒரு தரம் திரும்பிக் குனிந்துவிட்டுப் போவாராம். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் உள்ளே போவார்களாம். நாங்கள் வாய் திறக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினோம். அந்த நாய் கோரோ எங்கள் பின்னாலேயே வந்தது. அப்பாவின் கையை முகர்ந்தது. அதைக்கூட நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு தாண்டி, பஸ் வந்து, ஏறி, பஸ் போன பிறகும் அந்த அம்மா குளிரில் நின்றிருக்கிறார். நீ வீட்டுக்குள் வராமல் பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றாயே, அந்த மேட்டிலிருந்து வாசல் தெரியும் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நீ எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய்.

நுழைவதற்கு எல்லாம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு போனோம். கிளம்புவது எப்படி என்று ஒருவரையும் கேட்கவில்லை. அது நமக்குத் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. எனக்கும் சொல்ல வாய்க்கவில்லை. அதை இப்போது சொல்கிறேன்.

அந்த அம்மா நம் கன்னியம்மாள் அத்தை உயரம்தான், இன்னும் ஒடிசல். பெரியவரின் படத்துக்கு முன்னால் பானையை வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார். நம் ஊதுபத்தியை வாங்கி, முகர்ந்து பார்த்து, உடனே அதையே ஏற்றினார். நான் அழவில்லை. தொடவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பாயில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டேன். நிமிர்ந்தால் அவரும் எனக்கு எதிரே அதேபோல் நெற்றி பாயில் பட விழுந்து கிடக்கிறார். அவர் எழட்டும் என்று நான் மறுபடி குனிய, நான் எழட்டும் என்று அவர் குனிய, கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே கிடந்தோம். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ கொடுத்தார். பிறகு பேசினார். அருள்முருகன் எடுத்துச் சொன்னான். அன்று ராத்திரி பெரியவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெளியே போகும்போது அவர்கள் வீட்டில் சொல்வதைச் சொன்னாராம். இத்தேகிமாஸ் என்று. நம் போயிட்டு வரேன்தானாம் அது, சொல்லுக்குச் சொல் அதேதான் என்றான். அந்த அம்மா அடுப்படியில் இருந்தாராம். உங்கள் எல்லாருக்கும் நனைந்த உடம்புக்குச் சூடாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்ததாம். கையில் கரண்டியோடு, போயிட்டு வாங்க என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டாராம். திரும்பி ஒரு தரம் முகத்தைப் பார்க்கவில்லையே என்றார். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அவர் உன் மேல் ஒரு சொல் வருத்தமாகப் பேசவில்லை. உன் பெயரைச் சொன்னபோது மரியாதையோடு எழிலன் சான் என்றார். உனக்கு வைத்திருக்கும் சாப்பாட்டுத் தட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறதாம்.

இப்போது யோசித்துப் பார். முகத்தைப் பார்க்காமல் விட்டோமே என்று மனசு அறுந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர். அவர் வீட்டுக்குக் கடல் தாண்டி வந்த நாங்கள், ஒரு சொல் சொல்லாமல், திரும்பிப் பாராமல் போனோம். அவர் அருள்முருகனிடம் கேட்டாராம், பிள்ளையை ஆபத்தில் விட்டதற்காக அவன் அம்மா அப்பாவுக்கு எங்கள் மேல் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று. நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் எங்களிடம் மன்னிப்பை எதிர்பார்த்து வாசலில் நின்றிருக்கிறார்.

உன் அப்பா இருக்கிறாரே, அவர் வழியில் சாய்ந்து கிடந்த ஆப்பிள் மரத்தைப் பார்த்தாராம். வேர் இன்னும் மண்ணில் இருந்ததாம், முட்டுக் கொடுத்தால் பிழைக்கும் என்று தோன்றியதாம். நின்று பார்த்தால் திரும்பிப் பார்த்ததாகிவிடுமோ என்று பயந்து நடந்துவிட்டாராம். இன்று சாயங்காலம்தான் அதைச் சொன்னார். "நான் நின்னிருக்கணும் செல்வி" என்றார். பிறகு எழுந்து தோப்புக்குப் போய்விட்டார்.

அருள்முருகன் நல்ல பிள்ளை. நானே போய் உங்கள் வழக்கத்தை அவரிடம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன் ஆன்ட்டி, இதில் என்ன இருக்கிறது என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் சொன்னால் அது விளக்கமாக இருக்கும், அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டியவன் நீ.

எனக்குத் தெரியும், நான் ரொம்பச் சாமர்த்தியமாக உன்னை மடக்குகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், மடக்குகிறேன். நாங்கள் செய்த தப்பை நீ போய்த்தான் சரிசெய்ய வேண்டும் என்கிற நிலை வந்துவிட்டது. நீ செய்யாத தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு இத்தனை நாள் வெளியே நின்றாயே, எங்கள் உண்மையான தப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் உள்ளே போகமாட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் எலும்பைக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அருள்முருகன் சொன்னான். நீ காலையிலேயே போ. கறுப்புச் சட்டைக்கு அலையாதே. அப்பா தன் சட்டையை அருள்முருகன் பெட்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், உனக்குச் சரியாக இருக்கும். ஷூவைத் திருப்பி வை. அந்த அம்மாவிடம் சொல், எங்கள் ஊரில் துக்க வீட்டை விட்டுக் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள் என்று. அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒரு துக்கத்துக்கு வருவதாக ஆகிவிடும் என்று பயப்படுவார்கள், இந்த வீட்டில் இனி ஒரு சாவு வரக்கூடாது என்றுதான் என் அம்மாவும் அப்பாவும் வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள் என்று சொல். உனக்கு அந்தப் பாஷை வரும். வராத இடத்தில் கும்பிடு, அவருக்குப் புரியும்.

எல்லாம் முடிந்து அன்று மாலை நீ கிளம்பும்போது அது துக்க வீடு இல்லை. நம் கணக்கிலும் இல்லை, அவர்கள் கணக்கிலும் இல்லை. அப்போது வாசலில் நின்று இத்தேகிமாஸ் என்ற அந்த வார்த்தையைச் சொல். அருள்முருகன் ஒரு விஷயம் சொன்னான். விருந்தாளிகள் விடைபெறும்போது சொல்வது வேறாம். இந்த வார்த்தையை அந்த வீட்டு ஆள்தான் சொல்வாராம். நீ அங்கே இருந்த காலத்தில் தினம் காலையில் அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தோட்டத்துக்கு இறங்குவாயாமே. எங்களால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. உன்னால் முடியும்.

சொல்லிவிட்டு வளைவு வரும்வரை நட. அங்கே நின்று திரும்பிப் பார். அப்பாவுக்காக ஒரு தரம், எனக்காக ஒரு தரம். மூன்றாவது உன் பங்கு. அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போ. அவர் உள்ளே போகட்டும், குளிரில் நிற்க வேண்டாம். போகிற வழியில் அந்த ஆப்பிள் மரத்தையும் பார். முட்டுக் கொடுக்க ஆள் இல்லையென்றால் மறுநாள் நீயே போய்க் கொடு.

நாங்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீ எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். நீ குனிந்தபடி நின்றாய்.

முதல்முதலாக அந்த ஊருக்கு உன்னை அனுப்பிய அன்று, ரயில் கதவைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வரேம்மா என்று சொன்னாய். நான் சரியென்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் இன்னும் உனக்குத் திருப்பித் தரவில்லை. சொன்னவன் வந்தே தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கும், பிறகு என்றைக்கோ ஒருநாள் இந்த வீட்டுக்கும்.

போயிட்டு வா, எழிலா.

உன் அம்மா,
தமிழ்செல்வி.